காலேஜ் முடியும் வரை கேரவனில் தங்கலாமா? மூன்று வண்டி பார்த்து வைத்திருக்கிறேன்

மட்டிப்பழம் | மே 4, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். கொல்லங்கோடு பக்கம் வீடு. கோணத்தில் இன்ஜினியரிங், ஜூலையில் இரண்டாம் வருஷம். முதல் வருஷம் முழுக்க பஸ்தான். மார்த்தாண்டத்தில் மாறி, போக வர நாலு மணி நேரம் ரோட்டிலேயே போய்விடுகிறது. அடுத்த வருஷம் தங்கச்சியும் நாகர்கோவிலில் சேருகிறாள்.

ஆசாரிப்பள்ளம் பக்கம் மாமாவுக்கு 12 சென்ட் விளை கிடக்கிறது. நாலைந்து தெங்கு, ஒரு கிணறு, தேங்காய் போட்டு வைக்கிற இடிந்த ஓட்டுக்கூரை. மாமா வளைகுடாவில் இருக்கிறார், நாலு வருஷத்தில் வந்து வீடு கட்டுவார். அதுவரைக்கும் நான் தங்கலாம், ஆனால் அங்கே எதையும் கட்டக் கூடாது என்கிறார். அப்படித்தான் இழுத்துக்கொண்டு போகிற ட்ரெய்லர் யோசனை வந்தது. படிப்பு முடிந்ததும் விற்றுவிடலாம்.

பார்த்து வைத்திருப்பவை:

ஒன்று, பாறசாலை தாண்டி ஒரு ரிசார்ட்டில் நிற்கும் ஃபைபர் ட்ரெய்லர். 14 அடி. 'கேரவன் கேரளா' திட்டம் 2021-ல் வந்த சூட்டில் வாங்கியதாம், இப்போது சும்மா நிற்கிறது. 3,60,000 சொல்கிறார்கள்.

இரண்டு, ஒரு ஒர்க் ஷாப்பில் புதிதாகக் கட்டித் தருவது. 18 அடி, இரும்பு ஃபிரேம், உள்ளே பிளைவுட், வெளியே அலுமினியத் தகடு. 5,50,000. உள்ளே படம் பார்த்தால் அசந்துவிடுவீர்கள்.

மூன்று, பழைய டெம்போ டிராவலர். சீட்டை எடுத்துவிட்டுக் கட்டில் போட வேண்டும். எல்லாம் சேர்த்து நாலு லட்சம் ஆகும்.

மனசு இரண்டாவதில்தான் நிற்கிறது. அப்பாவுக்கு மூன்றிலுமே விருப்பமில்லை.

---

ரப்பர்_பால் | மே 4, இரவு 10.05

மக்கா, கேரவன் என்றதும் எந்தப் படத்துக்கு ஹீரோ என்று கேட்க வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

மூன்றரை லட்சம் கையில் இருந்தால் ஒற்றிக்கு ஒரு வீடு பிடி. காலி செய்யும்போது முழுப்பணமும் திரும்ப வரும். உன் ட்ரெய்லரை நாலு வருஷம் கழித்து யார் முழு விலைக்கு எடுப்பார்?

---

மட்டிப்பழம் | மே 4, இரவு 10.30

அண்ணே, அதையும் பார்த்தாச்சு. கோணம் பக்கம் இரண்டு இடத்தில் ஒற்றி ஐந்து லட்சத்துக்கு மேல் கேட்டார்கள். ஒருவர் 'படிக்கிற பையன்களுக்குக் கொடுப்பதில்லை' என்று கேட்டிலேயே நிறுத்திப் பேசி அனுப்பிவிட்டார்.

---

தக்கலை_டு_டெக்சாஸ் | மே 5, காலை 7.15

ஊர் தக்கலை. இங்கே எம்.எஸ். படித்த இரண்டு வருஷமும் 19 அடி பழைய ட்ரெய்லரில்தான் இருந்தேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் இது பெரிய புதுமை இல்லை. அபார்ட்மென்ட் வாடகை கட்டுப்படியாகாத மாணவர்கள் ட்ரெய்லர் வாங்கி, மாச வாடகைக்கு இடம் தரும் பார்க்கில் நிறுத்திக்கொள்வார்கள். கரன்ட், தண்ணீர், கழிவுக் குழாய் மூன்றும் அங்கேயே கிடைக்கும். பத்து வருஷத்துக்கு மேல் பழைய வண்டி என்றால் உள்ளே விடாத பார்க்குகளும் உண்டு. எஃப்-1 என்கிற மாணவர் விசாக்காரர் முகவரி மாற்றினால் பத்து நாளுக்குள் சொல்ல வேண்டும், ட்ரெய்லர் பார்க்குக்குப் போனாலும் அதே கதைதான். ஊரிலிருந்து இங்கே படிக்க வருகிற யாராவது இதைப் படித்தால் குறித்துக்கொள்ளட்டும்.

நான் செய்த தப்பு நீ இப்போது செய்யப் போகிற அதே தப்பு. உள்ளே பார்த்து வாங்கினேன். புது மெத்தை, புது திரைச்சீலை, நல்ல வாசனை வேறு. முதல் மழையில் கட்டில் ஓரச் சுவர் ஊறியது. தகட்டைக் கழற்றிப் பார்த்தால் மரச்சட்டம் நனைந்த பிஸ்கட் மாதிரி கையோடு வந்தது. விற்றவர் போனை எடுக்கவே இல்லை.

இங்கே விற்கிற ட்ரெய்லர்கள் பெரும்பாலும் இரண்டு ஜாதி. மரச்சட்டத்தின் மேல் வளைவு வளைவான அலுமினியத் தகடு அடித்தது ஒன்று. ஃபைபர் ஷீட், தெர்மோகோல், மெல்லிய பிளைவுட் மூன்றையும் ஒட்டிச் சுவராக்கியது இன்னொன்று. இரண்டிலும் கூரை தனி, சுவர் தனி. சேருகிற மூலைகளையெல்லாம் பசைதான் காப்பாற்றுகிறது. வெயிலில் பசை வெடிக்கும், வருஷத்துக்கு இரண்டு தடவையாவது மேலே ஏறிப் பார்க்கணும். மூன்றாவதாக ஒரு சின்ன ஜாதி உண்டு. ஸ்காம்ப், கசீட்டா மாதிரி, பார்த்தால் முட்டை போல இருக்கும். மேல்பாதி, கீழ்பாதி என்று இரண்டே வார்ப்பு. மூலையே இல்லாததால் கசிய இடம் குறைவு. ஜன்னல், கூரை விசிறி, இடுப்பு இணைப்பு, இவ்வளவுதான் பார்க்க வேண்டியவை.

நம்ம மாவட்டத்துக்கு ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை. பிளைவுட்டும் தகடும் காய்வதற்கு இடைவெளியே கிடைக்காது. உன் முதல் வண்டி இப்படி இரண்டே வார்ப்பா, ஷீட் ஒட்டியதா என்று முதலில் கேள். வெளிச்சுவரைப் பலாச்சக்கை தட்டிப் பார்க்கிற மாதிரி விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போ. ஒரே சத்தம் வந்துகொண்டிருந்து, ஒரு இடத்தில் மட்டும் 'பொத்' என்றால் அங்கே நில்.

அப்புறம் டயர். பக்கவாட்டில் நாலு எண் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். ஓடாமல் நின்ற வண்டியில் டயர் புதுசு மாதிரித்தான் தெரியும், ஓரத்தில் மட்டும் முடி போல வெடித்திருக்கும். அதை நம்பி ரோட்டில் இழுக்காதே.

புது பிளைவுட் பற்றியும் ஒரு வார்த்தை. 2005 கத்ரீனா புயலில் வீடு இழந்தவர்களுக்கு அரசு கொடுத்த ட்ரெய்லர்களில் ஆட்களுக்குக் கண் எரிச்சல், மூச்சுத் திணறல். பிறகு 519 வண்டிகளில் காற்றை அளந்தபோது ஃபார்மால்டிஹைடு சராசரியாக நூறு கோடியில் 77 பங்கு இருந்தது. ஒட்டுப் பலகைப் பசையிலிருந்து வருவது அது. சூடும் ஈரமும் கூடினால் அதுவும் கூடும். ஏப்ரல் மாத நாகர்கோவிலை நினைத்துப் பார்.

---

டி.என்.75 | மே 5, காலை 11.20

பேப்பர் விஷயம் யாரும் சொல்லவில்லை.

ட்ரெய்லரும் பதிவு செய்ய வேண்டிய வண்டிதான். கேரளப் பதிவு வண்டியை இங்கே நிரந்தரமாக வைப்பதென்றால் அங்கிருந்து தடையில்லாச் சான்று வாங்கி, 12 மாதத்துக்குள் இங்கே மறுபதிவு செய்ய வேண்டும். வரியும் இங்கே கட்ட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தில் 47, 48-ஆம் பிரிவுகள். ரிசார்ட் பெயரில் இருக்கிறதே, வாடகை வண்டியாகப் பதிவா, சொந்த உபயோகமா என்று ஆர்.சி.யில் பார். வரி, எஃப்.சி. எல்லாம் அதில்தான் மாறும். கடன் பாக்கி இருந்தால் ஆர்.சி.யிலேயே பைனான்ஸ் பெயர் இருக்கும்.

இரண்டாவது வண்டியில் ஒர்க் ஷாப்காரர் 'பதிவெல்லாம் பார்த்துக்கலாம்' என்றாரா? என்றால் அட்வான்ஸ் கொடுக்காதே. மூன்றாவதில் சீட்டைப் பிடுங்கிக் கட்டில் போட்டால் 52-ஆம் பிரிவு வரும், அனுமதி வாங்காமல் அமைப்பை மாற்றக் கூடாது. அதோடு ஓடாமல் நிற்கிற இன்ஜின் ஒரு தலைவலி. பேட்டரி, டீசல் பம்ப், இன்ஷூரன்ஸ் எல்லாம் நிற்கிற வண்டிக்கும் செலவு வைக்கும்.

---

வள்ளக்காரன் | மே 5, மாலை 6.50

குளச்சல். வீட்டில் இரண்டு ஃபைபர் வள்ளம் உண்டு.

டெக்சாஸ் அண்ணாச்சி சொன்ன முட்டை வண்டி கவிழ்த்துப் போட்ட வள்ளம்தான், வேறொன்றும் இல்லை. எங்கள் வள்ளம் தினமும் மணலில் இடித்து ஏறுகிறது, அலை அறைகிறது, உப்பில் கிடக்கிறது. உடைந்தால் தேய்த்து, கண்ணாடி இழை மேட் வைத்து, ரெசின் ஊற்றினால் மறுபடியும் கடலுக்குப் போகும். இந்தக் கரையில் எந்தத் துறைக்குப் போனாலும் அந்த வேலை தெரிந்த கை இருக்கும். உன் அலுமினியத் தகட்டுப் பெட்டிக்கு நாகர்கோவிலில் யாரைத் தேடுவாய்?

பார்க்கும்போது ஸ்க்ரூ இருக்கிற இடத்தைச் சுற்றிப் பார். சிலந்தி வலை மாதிரி கோடு ஓடியிருந்தால் மேல்பூச்சு மட்டும் வெடித்ததா, உள்ளே மேட் வரை போயிற்றா என்று நகத்தால் சுரண்டு. நகம் இடறினால் வேலை உண்டு. அதற்காக வேண்டாம் என்று விடாதே, விலையைக் குறை.

ஒன்று மட்டும். வேலை வைப்பதென்றால் இந்த மாசமே வை. ஜூன் 1 முதல் மேற்குக் கரையில் 61 நாள் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையேறும், அந்த நேரத்தில் வேலைக்காரன் கையில் கிடைக்க மாட்டான். மழை ஈரத்தில் ரெசினும் ஒழுங்காகப் பிடிக்காது.

---

கணக்கு_டீச்சர் | மே 5, இரவு 8.30

எல்லாரும் வண்டியைப் பார்க்கிறீர்கள். தம்பி, தங்கச்சி வரும்போது கக்கூஸ் எங்கே?

இந்த வண்டிகளில் இருக்கும் கேசட் டாய்லெட் 18 லிட்டர் அளவு கொள்ளும். இரண்டு பேர் என்றால் மூன்று நாள் கூட வராது. அதைக் கழற்றிக் கையில் தூக்கிக்கொண்டு எங்கே கொட்டுவாய்? மாமாவிடம் பேசி செப்டிக் டேங்கும் ஒரு கழிப்பறையும் மட்டும் போட்டுக்கொள். அவர் வீடு கட்டும்போது வேலைக்காரர்களுக்கும் உதவும், மறுக்க மாட்டார்.

இரண்டாவது, கரன்ட். கிணற்று மோட்டார் இணைப்பு விவசாய இலவச இணைப்பா? அதிலிருந்து ஒரு பல்பு கூட எடுக்கக் கூடாது. கொடுத்த காரியத்துக்கு இல்லாமல் வேறு காரியத்துக்குப் பயன்படுத்தினால் மின்சாரச் சட்டம் 126-ஆம் பிரிவில் தாளித்துவிடுவார்கள், அபராதம் மாமா பெயரில் வரும். அந்த ஓட்டுக்கூரைக்குக் கதவு எண், வீட்டு வரி ரசீது உண்டா என்று பார். இருந்தால் வீட்டு இணைப்புக்கு விண்ணப்பிக்கலாம்.

---

தக்கலை_டு_டெக்சாஸ் | மே 6, காலை 6.55

டீச்சர் சொன்னது முழுக்கச் சரி. கரன்ட் பற்றி இன்னும் ஒன்று. இங்கே சின்ன ட்ரெய்லருக்கு 30 ஆம்ப், 120 வோல்ட். அதாவது 3,600 வாட். நம்ம ஊர் 16 ஆம்ப் பிளக் ஒன்று 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட அதே அளவு தரும். ஏ.சி. ஓடும்போது இண்டக்‌ஷன் அடுப்பு போட்டால் தாங்காது, மாற்றி மாற்றித்தான்.

எர்த்திங் ஒழுங்காக இல்லாவிட்டால் கசிகிற கரன்ட் சேசிஸில் வந்து நிற்கும். வண்டி ரப்பர் டயரில் நிற்பதால் மண்ணுக்கு இறங்காது. மழையில் நனைந்த மண்ணில் வெறுங்காலோடு நின்று கதவுக் கைப்பிடியைத் தொடுகிறவன்தான் எர்த். எனக்கு ஒரு தடவை முழங்கை வரை இழுத்தது. கரன்ட் கசிந்தால் தானே துண்டிக்கிற 30 மில்லிஆம்ப் ஆர்.சி.சி.பி. போடாமல் ஒரு ராத்திரி கூடப் படுக்காதே.

கரன்ட் போனால்? 12 வோல்ட், 100 ஆம்ப்-ஹவர் லெட் ஆசிட் பேட்டரி ஒன்று. அதில் பாதிதான் எடுக்கணும், 600 வாட்-ஹவர். 30 வாட் விசிறி எட்டு மணி நேரம் 240, லேப்டாப் நாலு மணி நேரம் 200, லைட்டுக்கு 50. ராத்திரி தாண்டிவிடும்.

காஸ் சிலிண்டரை உள்ளே வைக்காதே. எல்.பி.ஜி. காற்றை விடக் கனம், கசிந்தால் தரையோடு கிடக்கும். சமையலை வெளியே வைத்துக்கொள்.

---

ரப்பர்_பால் | மே 6, காலை 9.10

கக்கூஸ் கட்டலாம், கரன்ட் எடுக்கலாம் என்றால் அந்த ஓட்டுக்கூரையையே சரி பண்ணி இருந்துவிடலாமே? கேட்டேன் என்று கோபித்துக்கொள்ளாதே.

---

மட்டிப்பழம் | மே 6, மதியம் 1.15

கோபம் இல்லை அண்ணே, அப்பாவும் இதையேதான் கேட்டார். ஆசாரியைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தோம். ஓட்டைத் தாங்குகிற கழுக்கோல் எல்லாம் கரையான். மாற்றினால் இரண்டரை லட்சம் என்றார். அதுவும் மாமா இடிக்கப் போகிற கூரைக்கு. கதவு எண் இருக்கிறது, வரி ரசீதும் இருக்கிறது. டீச்சருக்கு ரொம்ப நன்றி. மோட்டார் இலவச இணைப்புதான், நான் அதிலிருந்துதான் ஒயர் இழுக்க இருந்தேன்.

ஒர்க் ஷாப்காரரிடம் பதிவு பற்றிக் கேட்டேன். 'ஒரு இடத்தில் நிற்கிற வண்டிக்கு எதுக்குத் தம்பி பதிவு' என்றார். விட்டாச்சு.

ஞாயிற்றுக்கிழமை பாறசாலை போகிறேன்.

---

மட்டிப்பழம் | மே 10, இரவு 8.45

போய்வந்தோம். அப்பா, நான், அப்பாவின் பொலேரோ.

வண்டி இரண்டே வார்ப்புதான், இடுப்பில் ஒரே இணைப்பு. தட்டிக்கொண்டே போனேன், ரிசார்ட் வாட்ச்மேன் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பின் ஜன்னலுக்குக் கீழே 'பொத்'. உள்ளே போய் அதே இடத்தில் மெத்தையைத் தூக்கினால், பலகையில் டீ சிந்திக் காய்ந்த மாதிரி வளையம் வளையமாகக் கறை. கட்டை விரலால் அழுத்தினேன், நகம் உள்ளே போயிற்று. ஃபைபருக்கு ஒன்றும் ஆகவில்லை, கட்டில் பலகைதான் போயிருக்கிறது. ஜன்னல் ரப்பர் விறைத்து, தொட்டால் மாவாக உதிர்கிறது.

கூரையில் விசிறி மூடி வெடித்திருக்கிறது. டயரில் 2221. ஓரமெல்லாம் முடி வெடிப்பு. கடலுக்கு அரைக் கிலோமீட்டர்தான், அதனால் அடியில் படுத்துப் பார்த்தேன். சேசிஸ் கால்வனைஸ், அது பரவாயில்லை. ஆனால் ஜாக்கி நாலிலும் துரு, ஒன்று அசையவே இல்லை. ஆர்.சி. சொந்த உபயோகம், கடன் இல்லை.

அதுவரை சும்மா நின்ற அப்பா, அடியிலிருந்து நான் எழுந்து வந்ததும் 'பின் ஜன்னல், பலகை, டயர் இரண்டு, ஜாக்கி நாலு, மறுபதிவுச் செலவு' என்று விரல் மடக்கி அவர்களிடம் எண்ண ஆரம்பித்தார். 2,85,000-ல் நின்றது. இன்னும் ஆம் சொல்லவில்லை.

---

வள்ளக்காரன் | மே 10, இரவு 9.20

கொள்ளாம். ஆம் சொல்லு. ஜன்னலுக்குக் கார் கண்ணாடி ரப்பர் விற்கிற கடையில் பீடிங் கிடைக்கும். பலகைக்கு மரைன் பிளை போடு, ஓரத்தில் ரெசின் தடவிவிட்டு மாட்டு.

எங்கே நிறுத்தப் போகிறாய்? தெங்கு நிற்கிற விளை என்றாயே.

---

டி.என்.75 | மே 10, இரவு 9.35

இழுக்கும்போது முன்பாரம் கவனி. கொக்கியின் மேல் வண்டி எடையில் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் இறங்க வேண்டும். பின்னால் கனம் கூடினால் வால் ஆட்டும். மார்த்தாண்டம் பாலத்தில் வால் ஆட்டினால் தினசரியில் வருவாய். இண்டிகேட்டர், பிரேக் லைட் எரிகிறதா என்று பார்த்துவிட்டு, விடியற்காலையில் கொண்டுவா.

---

ஆரல்வாய்க்காற்று | மே 11, காலை 6.30

நேற்றிலிருந்து வாசிக்கிறேன். தெங்கு பற்றி நானும் சொல்ல வந்தேன். தென்னமூட்டில் நிறுத்தவே கூடாது. காய் விழுந்தால் எந்த ஃபைபரும் ஓட்டைதான், மட்டை விழுந்தால் விசிறி மூடி போகும். மாமாவிடம் கேட்டு மட்டையை வெட்டச் சொல், காயை நேரத்துக்குப் பறிக்கச் சொல்.

எங்கள் ஊர்க் காற்று உங்களுக்குத் தெரியும், முப்பந்தலில் காற்றாலையை நிறுத்தியது சும்மாவா. ஆசாரிப்பள்ளத்தில் அவ்வளவு இல்லை. ஆனாலும் 2017 நவம்பர் 30 ஒக்கி எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். ரப்பரும் வாழையும் கூட்டம் கூட்டமாகச் சாய்ந்தன, பல ஊர்களில் நாள் கணக்கில் கரன்ட் இல்லை. எடை குறைந்த வண்டி அது. நாலு மூலையிலும் மண்ணில் திருகி இறக்கும் இரும்பு ஆணி போட்டு, சேசிஸைச் சங்கிலியால் கட்டு. ஜாக்கி வண்டியை ஆடாமல் பிடிக்கத்தான், தூக்குவதற்கு இல்லை. பாரம் சிமெண்ட் கட்டையில் நிற்கட்டும். புயல் எச்சரிக்கை வந்தால் வண்டியைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போ, தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு.

வெயிலுக்கு வழி சுலபம். வண்டிக்கு மேலே இரண்டு அடி இடைவெளி விட்டு ஓலைக் கொட்டகை. மேலே பழைய மீன் வலை இழுத்துக் கட்டினால் காற்றுக்கும் நிற்கும்.

---

கணக்கு_டீச்சர் | மே 11, இரவு 7.50

கதவுக்கு உள்தாழ்ப்பாள் இரண்டு, வெளியே லைட் ஒன்று. பின் ஜன்னல் அவசரத்துக்கு வெளியே குதிக்கிற அளவுக்குத் திறக்கிறதா என்று பார்த்துவிட்டுப் புது ரப்பர் போடச் சொல். திறக்காதபடி ஒட்டிவிடுவார்கள்.

---

மட்டிப்பழம் | ஜூலை 19, இரவு 10.10

இந்த இழையை முடிக்காமல் விட்டுவிட்டேன், மன்னிக்கணும்.

வண்டி மே 16 விடியற்காலையில் வந்து சேர்ந்தது. டயர் இரண்டையும் அங்கேயே மாற்றினோம். ஃபைபர் வேலைக்கு வள்ளக்காரன் அண்ணன் சொன்ன கை வந்தது, இரண்டு நாள் வேலை, 9,000 ரூபாய். கழிப்பறை மாமா செலவு. வீட்டு இணைப்பு கிடைக்க ஜூன் கடைசி ஆகிவிட்டது, அதுவரை வண்டி பூட்டித்தான் கிடந்தது. கேரளாவிலிருந்து தடையில்லாச் சான்று இன்னும் வரவில்லை, டி.என்.75 அண்ணாச்சி தனிச்செய்தியில் பதில் போட்டால் நல்லது.

காலேஜ் திறந்த முதல் வாரமே சாரல் பிடித்தது. பின் ஜன்னலில் சொட்டு கிடையாது. ஆனால் மூன்றாம் நாள் காலையில் மெத்தைக்கு அடியில் ஈரம். கசிவு என்று பயந்து எல்லாவற்றையும் கழற்றினேன். ஜன்னல் எல்லாம் சாத்திப் படுத்ததால் என் மூச்சுதான் குளிர்ந்த பலகையில் வியர்த்திருக்கிறது. இப்போது கூரை விசிறியை எப்போதும் மெதுவாக ஓட விடுகிறேன். மெத்தைக்கு அடியில் கயிற்றுப் பாய் போட்டாச்சு.

தங்கச்சி வந்து பார்த்தாள். மேல் கட்டில் அவளுக்கு, படிக்கிற மேஜையும் அவளுக்கு. எனக்குக் கொட்டகைக்கு அடியில் ஒரு நாற்காலி தருகிறாளாம்.

---

ரப்பர்_பால் | ஜூலை 19, இரவு 10.25

நாலு வருஷம் கழித்து விற்கும்போது முதலில் எனக்குச் சொல்லு மக்கா. விளையில் பால் வெட்டுகிற நேரத்தில் சாய்ந்து படுக்க ஒரு இடம் வேண்டும்.